அடுப்புக்காரர் கதையை எழுதியவன்

குசானோ தெருஜி எழுதியதில் அச்சேறியது ஒரே ஒரு கதை. பதினொரு பக்கம். அதைப் பற்றி யாராவது கேட்டால் அவன் முகம் சுண்டிப் போகும். "அப்ப சின்ன வயசு" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுவான். புருஷன் ஒரு காலத்தில் எழுத்தாளனாகியே தீருவதென்று பட்டினி கிடந்தவன் என்பது, கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் அவன் மனைவி நொபுயேவுக்கே தெரிய வந்தது.

1955-ல் அவனுக்கு இருபத்தாறு வயது. ஓசாகாவில் தென்மா பக்கம் ஒரு சைக்ளோஸ்டைல் கடையில் வேலை. பள்ளிக்கூடக் கேள்வித்தாள், தொழிற்சங்கத் துண்டறிக்கை, அலுவலகச் சுற்றறிக்கை என்று எது வந்தாலும் மெழுகுத்தாளை இரும்புப் பலகையில் விரித்து, எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீற வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழியும், கொஞ்சம் விட்டால் மை இறங்காது. அந்த வருஷம் மழைக்காலத்தில் பக்கத்து மேசைக்குப் புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தான். யனாகவா என்று பெயர் சொன்னான். தெருஜியைவிட இரண்டு வயது இளையவன். எழுத்து அச்சுக் கோத்தது போல இருந்தது. கடைக்காரம்மா முதல் நாளே அவன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "குசானோ, நீ இவன்கிட்ட கத்துக்கோ" என்றாள். அன்றே தெருஜிக்கு ஒரு சின்ன எரிச்சல் பிடித்துக்கொண்டது.

ஒரு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் யனாகவா சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"என்ன, சோறு ஆறிப் போறது தெரியாம கடுதாசி? பொண்ணு யாரு?" என்றான் தெருஜி.

"பொண்ணும் இல்ல, கடுதாசியும் இல்ல. கதை."

தெருஜி கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான். "எத்தனை திரும்பி வந்திருக்கு?"

"ஒன்பது."

"எனக்குப் பதிமூணு" என்றான் தெருஜி, ஏதோ ஜெயித்துவிட்டவன் போல. இருவரும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் மத்தியானங்களில் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவன் எழுதியதை மற்றவன் படிப்பது வழக்கமாயிற்று. தோக்கியோப் பத்திரிகைகளிலிருந்து உறை திரும்பி வந்தால் அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள்.

"உன் மவன் ஊருக்கு வந்துட்டானாமே?"

"வந்துட்டான். போனப்பவே இளைச்சவன். வரும்போது மூலையெல்லாம் மடங்கி வந்திருக்கான்."

தெருஜிக்கு அந்தரங்கத்தில் தெரியும், யனாகவாவின் வாக்கியத்தில் ஓர் உயிர் இருந்தது. தன்னுடையதில் உழைப்புதான் இருந்தது. தெரிந்ததைச் சொல்லாமலே மூன்று வருஷம் நல்ல நண்பனாக இருந்தான்.

இதற்கிடையில் ஒரு குளிர்காலத்தில் யனாகவா காய்ச்சலில் நாலு நாள் வரவில்லை. கடைக்காரம்மா மருந்து வாங்கிக் கொடுத்து தெருஜியை அனுப்பினாள். இகுனோ பகுதியின் நெருக்கமான சந்துகளில் முகவரியைக் காட்டிக் கேட்டால், யனாகவா என்று ஒருவனை அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் காலணிப் பசை நாற்றம் வீசும் ஒரு வாசலில் பெண் ஒருத்தி, "எழுதிக்கிட்டே இருப்பானே, அவனா? யாங் வீடு. அதோ" என்று காட்டினாள்.

யாங் மான்சிக். அதுதான் அவன் நிஜப் பெயர், கொரியப் பெயர்; யனாகவா என்பது ஜப்பானியர் நடுவில் வேலை கிடைக்க வைத்துக்கொண்டது. படுக்கையில் கிடந்தபடியே தெருஜியின் முகத்தைப் பார்த்தான். அவன் அம்மா வோல்சோன் செருப்பு அடித்தளத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பன்றி எலும்புச் சாறும் சிவப்பாக ஊறிய முட்டைக்கோஸும் கொண்டுவந்து வைத்தாள். அரைகுறை ஜப்பானியத்தில், "தின்னு. தின்னாத ஆளை எனக்குப் பிடிக்காது" என்றாள். தெருஜி தின்றான். காரம் மண்டையில் ஏறி, மூக்கிலும் கண்ணிலும் ஒழுகிற்று. வோல்சோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டியும் சிரித்தாள்.

கிளம்பும்போது மான்சிக், "கடையில சொல்லாத" என்றான்.

"என்னத்தச் சொல்ல? உனக்குக் காய்ச்சல், எனக்கு நாக்கு வெந்துடுச்சு. அவ்வளவுதானே."

தெருஜி அதை மனமாரத்தான் சொன்னான்.

பதிலுக்கு மான்சிக்கைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். தெருஜியின் அப்பா ஜிம்பாச்சி ஒரு பொதுக் குளியல்கூடத்தில் அடுப்புக்காரர். முப்பது வருஷமாகக் கொதிகலனுக்கு விறகும் மரத்தூளும் தள்ளுகிறவர். உடம்பில் கரி ஏறி, பேச்சே அற்றுப் போன மனிதர். ஊரெல்லாம் அவர் காய்ச்சிய தண்ணீரில் குளித்துவிட்டுப் போகும். அவர் மட்டும் கடைசியில் கலங்கல் தண்ணீரில் இறங்குவார். அப்பாவைப் பற்றி எழுத தெருஜி எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறான். முதல் பக்கம் தாண்டியதில்லை. கூச்சமா, கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை.

மான்சிக்குக்கோ அந்த அடுப்பறை பிடித்துப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்துவிடுவான். இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசாமலே இருப்பார்கள். சில சமயம் கிழவர் ஏதோ சொல்வார், மான்சிக் சிரிப்பான். உள்ளே போகலாமா வேண்டாமா என்று தெருஜி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியதும் உண்டு.

1958-ன் கோடையில் மான்சிக் ஒரு கதையை முடித்தான். அடுப்புக்காரர் ஒருவரின் ஒரு நாள். அதை தெருஜியிடம் காட்டுவதற்கு முன்பே, அடுப்பறையில் ஜிம்பாச்சிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினான். தெருஜியும் அன்று அங்கே இருந்தான். கிழவர் நெருப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் கால்சட்டையைத் தூக்கி வலது முழங்காலைத் தடவினார். அடுப்பு வாயைப் பார்த்தே உட்கார்ந்து அந்தப் பக்கம் தோல் பதப்படுத்திய மாட்டுத் தோலைப் போலாகியிருந்தது. கதையில் அது இருந்தது.

"இதை எப்பப் பாத்த?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தடவை வந்தப்ப."

ஜிம்பாச்சி மகன் பக்கம் திரும்பினார். வேண்டுமென்று புண்படுத்துகிற மனிதர் அல்ல. "இவன் ரெண்டு தடவையில பாத்துட்டான்டா" என்றார். பிறகு, "அதை இங்கயே விட்டுட்டுப் போறியா? வேற யாரையாவது இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்" என்றார். மான்சிக் வீட்டில் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு, முதல் பிரதியை அவருக்கே கொடுத்தான்.

வேற யாரையாவது என்றார். பெற்ற மகன் எழுதப் படிக்கத் தெரிந்தவன், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அந்த வாரமே தெருஜியும் ஒரு கதை எழுதத் தொடங்கினான். இகுனோவில் பசை தடவும் ஒரு கொரியத் தாயைப் பற்றி. ஒன்பது நாளில் முடித்தான். மான்சிக்கிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இருவரும் 'கரையோரம்' என்ற ஒரு சிறுபத்திரிகைக் குழுவில் இருந்தார்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆஷிதா அதன் தலைவர். மாதம் ஒரு ஞாயிறு, நூடுல்ஸ் கடை மாடியில் கூடுவார்கள். அந்த இலையுதிர் காலத்தில் தோக்கியோவின் பெரிய பத்திரிகை ஒன்று, ஒவ்வொரு குழுவும் தங்களுடையதில் சிறந்த ஒரு கதையைச் சிபாரிசு செய்து அனுப்பலாம் என்று அறிவித்திருந்தது. சுற்றுக்கு விட்டுப் படித்ததில் கடைசியில் நின்றவை இரண்டு: மான்சிக்கின் அடுப்புக்காரர், தெருஜியின் கொரியத் தாய்.

ஆஷிதா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரெண்டும் நல்லா இருக்கு. ஆனா யனாகவாவோடதுதான். சந்தேகமே வேண்டாம். நம்ம ஜனங்களோட ரத்தத்துல ஊறிக் கிடக்கிற அந்தப் பொறுமை இருக்கே, அதை இப்படி யாரும் எழுதல. நம்ம அப்பனுங்கதான் இது."

சிலர் தலையாட்டினார்கள். தெருஜியின் காதுக்குள் ஏதோ இரைந்தது. அவன் யோசித்துப் பேசவில்லை. ஆனால் பேசியது அவன்தான்.

"நம்ம ஜனங்களா? எழுதினவன் கொரியாக்காரன், சார். பேரு யாங். யனாகவா இல்ல."

கீழே பாத்திரம் கழுவும் ஓசை மட்டும் கேட்டது. மான்சிக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அலுவலக குமாஸ்தா, தன் தேநீர்க் கோப்பையை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார். ஆஷிதாவுக்கு முகம் சிவந்து போயிற்று.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல. ஆனா... அப்படின்னா நீங்க எழுத வேண்டியது வேற இல்லியா? உங்க ஜனங்க படற பாடு எவ்வளவு இருக்கு. அதை விட்டுட்டு..."

"அதைத்தான் குசானோ எழுதியிருக்காரே" என்றான் மான்சிக். குரல் உயரவில்லை. காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தான்.

தெருஜி படிக்கட்டில் பின்னாலேயே ஓடினான். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினான். வாயில் வந்தது வேறு.

"எங்கப்பன எழுத உனக்கு யார் உரிமை குடுத்தா?"

மான்சிக் நின்றான். "எங்கம்மாவ உனக்கு யார் குடுத்தா?"

"உங்களுக்கு எழுத என்ன குறைச்சல்? நாடு போச்சு, ஊர் போச்சு, அடி, உதை. எல்லாம் தயாரா இருக்கு. எடுத்து வெச்சா கதை. எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு அடுப்பு. அதையும் நீ தூக்கிட்ட."

"வேணும்னா மொத்தத்தையும் எடுத்துக்கோ, குசானோ. வெளிநாட்டான்னு பதிவு பண்ண மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நகராட்சி ஆபீஸ்ல போய் விரல்ல மை தடவிக்கிட்டு நிக்கிறதையும் நீயே வெச்சுக்கோ. நான் வேணாங்கல."

அவ்வளவுதான் பேச்சு. தோக்கியோவுக்கு தெருஜியின் கதை போயிற்று.

அடுத்த மாதம் அந்த குமாஸ்தாவின் அலுவலகத்திலிருந்து கடைக்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், தங்கள் காகிதங்களை வெளிநாட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டாம் என்று. கடையின் பாதி வேலை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கடைக்காரம்மா இரண்டு நாள் மூக்கைச் சிந்தினாள்; மூன்றாம் நாள் மான்சிக்கைக் கூப்பிட்டுப் பேசினாள். அவன் எழுத்தாணியைத் துடைத்து வைத்துவிட்டு எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னான். தெருஜிக்கும் சொன்னான்.

வசந்தத்தில் கதை வெளிவந்தது. 'மனசாட்சியுள்ள இளம் ஜப்பானியக் குரல்' என்று ஒருவர் நாலு வரி எழுதியிருந்தார். தெருஜி அந்த நாலு வரியைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் ஆற்றங்கரைப் பெஞ்சில் மான்சிக் உட்கார்ந்திருக்கக் கண்டான். பழைய இரும்பு பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், கைகள் வெட்டுப்பட்டிருந்தன. மடியில் அந்தப் பத்திரிகை.

"உக்காரு" என்றான். "நல்லா எழுதியிருக்க. வாக்கியத்துல ஒண்ணும் குத்தமில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்கம்மா உன் முன்னால எப்ப அழுதா?"

தெருஜியின் கை பையிலிருந்த அந்த நாலு வரிக் காகிதத்துக்குப் போயிற்று.

"பதினொரு பக்கத்துல ஏழு தடவை அழறா. நீ தின்னுட்டு மூக்கு ஒழுகினதப் பாத்து அன்னிக்கு அப்படிச் சிரிச்சாளே. அவ எங்க போனா?"

பத்திரிகையை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் தெருஜி ஒரு கதைகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தக் கேள்வி வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வருஷக் கடைசியில், ஜப்பானில் குடியிருந்த கொரியர்களை ஏற்றிக்கொண்டு வட கொரியாவுக்குக் கப்பல்கள் போகத் தொடங்கின. 1960-ன் வசந்தத்தில் மான்சிக் குடும்பம் கிளம்புவதாக தெருஜி கேள்விப்பட்டான். ஓசாகா ரயில் நிலையத்தில் கொடி, பாட்டு, பூச்செண்டு, அழுகை என்று கூட்டம் நெரிந்தது. துறைமுகத்துக்குப் போகும் அந்த ரயிலின் ஜன்னல் ஜன்னலாகத் தேடி, தெருஜி அவனைக் கண்டுபிடித்தான். பக்கத்தில், மூன்று வருஷத்துக்கு முன் இகுனோவிலேயே கட்டிக்கொண்ட மனைவி, அவள் மடியில் இரண்டு வயது மகள் கும்சில்.

"வந்துட்டியா" என்றான் மான்சிக். கோபமில்லை. அதுதான் தெருஜிக்குத் தாங்கவில்லை.

"உங்கப்பா அம்மா தென் கொரியாத் தீவுக்காரங்கதானே? வடக்குல யாரு இருக்கா உனக்கு?"

"யாரும் இல்ல. இங்க மட்டும் யாரு இருந்தா? அங்க வேலை குடுக்கறாங்களாம், வீடு குடுக்கறாங்களாம். சொந்தப் பேர்ல எழுதலாமாம்." கொஞ்சம் நிறுத்தினான். "கொரிய எழுத்தை இப்பத்தான் கூட்டிப் படிக்கிறேன். முப்பது வயசுல ஒண்ணாம் வகுப்பு."

"அம்மா?"

"வரமாட்டேன்னுட்டா. என் ஊரு தெற்கே இருக்கு, வடக்கே போய் நான் என்ன பண்ணன்னு கேக்கறா. அவ சொல்றதும் சரிதான்."

வண்டி நகரும்வரைக்கும் தெருஜி, இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நின்றான். கடைசியில், "போய்ச் சேந்ததும் கடுதாசி போடு" என்றுதான் சொன்னான். மான்சிக் தலையாட்டினான். குழந்தை யாரைப் பார்த்தோ கை ஆட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் ஜிம்பாச்சி இறந்தார். குளிப்பாட்டும்போது வயிற்றுக் கச்சைக்குள் ஒரு காகிதக் கட்டு இருந்தது. வியர்வையில் ஓரமெல்லாம் மஞ்சளாகிப் போன அடுப்புக்காரர் கதை. தெருஜி அதை நல்ல தாளில் எழுதி, யாங் மான்சிக் என்ற பெயரிலேயே தன் கதையை வெளியிட்ட பத்திரிகைக்கு அனுப்பினான். நடை நன்றாக இருப்பதாகவும், ஆனால் ஒரு கொரியர் ஜப்பானிய அடுப்புக்காரரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்பது விளங்கவில்லை என்றும் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அவன் கடைக்குப் போகாமல் நாள் முழுக்கப் படுத்திருந்தான். பிறகு அவனே மெழுகுத்தாளில் கீறி, அறுபது பிரதி எடுத்து, 'கரையோரம்' குழுவினர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து போய்க் கொடுத்தான். ஆஷிதா வாங்கிக்கொண்டார். குமாஸ்தா வீட்டில் கதவு திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தான்.

ஒரு பிரதியுடன் இகுனோவுக்கும் போனான். வோல்சோன் தனியாக இருந்தாள். அவளைப் பார்த்ததும், நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டான். அவள் பசைத் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பத்தி எழுதினேன்னு சொன்னியே, அதைப் படி. கேக்கறேன்."

படித்தான். முடிந்ததும் வோல்சோன் தூரிகையைப் பசையில் தோய்த்தாள்.

"யாரு இந்தப் பொம்பள? பாவமா இருக்கே" என்றாள். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். தன் மகனைப் பற்றி, அவன் வேலை போனதைப் பற்றி, ஒரு வார்த்தைகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெருஜிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து அவளுக்காகக் கடிதம் எழுதுவது அவன் வேலையாயிற்று. மாதம் ஒருமுறை போவான். அவள் சொல்லச் சொல்ல ஜப்பானியத்தில் எழுதுவான்: பக்கத்து வீட்டில் பன்றி குட்டி போட்டது, முட்டைக்கோஸ் விலை ஏறிப் போச்சு, உன் சினேகிதன் இன்னமும் காரம் தின்னக் கத்துக்கல. ஹம்ஹுங் என்ற ஊரிலிருந்து மான்சிக்கின் பதில்கள் வந்தன. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முதல் பக்கம் முழுக்க இருக்கும். கடைசியில் இரண்டு வரி: பென்சில் இருந்தால் அனுப்புங்கள். வயிற்று வலிக்கு மாத்திரை இருந்தால் அனுப்புங்கள். எழுதுகிறாயா என்று தெருஜி தன் பங்குக்கு ஒரு முறை கேட்டிருந்தான். 'இங்கே சிமென்ட் ஆலையில் இருக்கிறேன். கை நன்றாக இருக்கிறது' என்று வந்தது. அறுபது பிரதிகளில் ஒன்றை அவனுக்கும் அனுப்பியிருந்தான். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அதைப் பற்றி அவன் எழுதவே இல்லை. 1966-க்குப் பிறகு கடிதம் நின்று போயிற்று.

1971-ல் வோல்சோன் பசைப் பலகைக்கு முன்னால் சாய்ந்தவள் எழவில்லை. சந்துப் பெண்கள் சடங்கெல்லாம் செய்தார்கள். தெருஜி வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னான். வீட்டுக்கு வந்து, மான்சிக்குக்குச் செய்தி எழுத உட்கார்ந்தான். மூன்று நாள் உட்கார்ந்தான். வரவில்லை. நாலாம் நாள், 'முட்டைக்கோஸ் விலை இந்த வருஷமும் இறங்கவில்லை' என்று அவள் பெயரிலேயே, தன் வீட்டு முகவரி போட்டு எழுதி அனுப்பினான். அவள் இருந்தால் என்ன சொல்லுவாளோ அப்படியே எழுதினான். அடுத்த மாதமும் எழுதினான்.

"செத்தவங்க பேர்ல கடுதாசி எழுதறது பாவம் இல்லியா?" என்று நொபுயே கேட்டாள்.

"நிறுத்தினா அவன் வீட்டுல இருந்து ஒரு சத்தமும் வராது."

"இப்ப மட்டும் வருதா?"

1977-ல் வந்தது. முழுக்கக் கொரிய எழுத்து. தெருஜியால் படிக்க முடியவில்லை. இகுனோவுக்கு எடுத்துப் போய், வோல்சோனின் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தான். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உரக்கப் படித்துப் படித்து ஜப்பானியத்தில் சொன்னாள். கும்சில் எழுதியிருந்தாள். 'பாட்டிக்கு. அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. நெஞ்சில் சிமென்ட் சேர்ந்துவிட்டது என்றார்கள். உங்கள் கடிதங்களை அவர்தான் எங்களுக்குப் படித்துச் சொல்லுவார். இப்போது யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஆனால் வருகிறதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கம்பளித் துணி கிடைத்தால் அனுப்ப முடியுமா?'

பக்கத்து வீட்டுக்காரி கடிதத்தை மடித்தாள். "நாலு வருஷமா? அப்ப இவ போன பிறகு ரெண்டு வருஷம் இருந்திருக்கான்" என்றாள். "அம்மா செத்தது தெரியாமலே போயிருக்கான்."

"ஆமா" என்றான் தெருஜி.

அவனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சந்தையில் கம்பளித் துணியும் குழந்தைச் சட்டையும் வயிற்று மாத்திரையும் வாங்கி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, அஞ்சலகத்துக்கு எடுத்துப் போனான். அனுப்புநர் இடத்தில் கோ வோல்சோன் என்று அவள் முழுப் பெயரை எழுதினான். பாட்டியிடம்தானே அந்தப் பெண் கேட்டிருந்தாள்.

கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்தார். முகவரியைப் பார்த்தார். பிறகு தெருஜியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது யாரு, உன் பொண்டாட்டியா?"

"எங்க வீட்டுப் பெரியவங்க."

"ரெண்டு படிவம் வேணும். உங்க ஆளுங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது. ஓரமா நின்னு எழுதிக் கொண்டா. பின்னால வரிசை நிக்குது பாரு."

தான் கொரியன் இல்லை என்று தெருஜி மறுக்கவில்லை. "சரிங்க" என்று இன்னொரு படிவம் வாங்கிக்கொண்டு, பெட்டியைக் காலுக்கடியில் வைத்து, ஓரமாக நின்று எழுதத் தொடங்கினான்.